பாஸ் மீனுக்கு எத்தனை நிறம் வேண்டும்?

அமெரிக்க ஏரிகளில் பெரியவாய் பாஸ் பிடிப்பவர்களின் பெட்டியைத் திறந்தால், ஒரே வடிவ ரப்பர் புழு பல நிறங்களில் கிடக்கும். பூசணிப் பச்சை, தர்பூசணி, கருநீலம், சார்ட்ரூஸ் எனப்படும் மஞ்சள் பச்சை என்று நீளும் அந்த வரிசையில் மீனுக்காக இருப்பவை எவை, வாங்குபவருக்காக இருப்பவை எவை?

இதைத் தீர்க்க நமக்கு நல்ல சான்று ஒன்று உண்டு. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் அச்சான கட்டுரையில் பாஸின் கண்ணை அளந்து காட்டினார்கள். அதன் விழித்திரையில் கூம்புச் செல்கள் இரண்டே வகை. ஒன்று பச்சையில், 535 நானோமீட்டர் அருகே, கூர்மையானது. மற்றது சிவப்பில், 614 அருகே. நீலத்துக்கெனத் தனிக் கூம்பு கிடையாது. பிறகு வண்ணம் பூசிய சிறு குழல்களைக் காட்டித் தீனி கொடுத்துப் பழக்கினார்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் பழகியவை அந்த நிறத்தைத் தெளிவாகப் பிரித்தறிந்தன. சார்ட்ரூஸுக்குப் பழகியவையோ வெள்ளையிடமும் போயின. கறுப்புக்குப் பழகியவை நீலத்தையும் கறுப்பாகவே எடுத்துக்கொண்டன.

கண்ணின் அமைப்பும் மீனின் நடத்தையும் ஒன்றையே சொல்வதால் இந்தச் சான்றை நான் பெரிதும் மதிக்கிறேன். கறுப்பு இரையில் நீல இழை சேர்ப்பது மீனுக்குப் பெரிய வேறுபாடாக இருக்க வழியில்லை. புற ஊதாவில் மின்னும் பூச்சுக்கும் அதே கதிதான். ஒளிரும் சார்ட்ரூஸ் மட்டும் விலக்கு: குறுகிய அலைகளை வாங்கிப் பச்சை மஞ்சளாகத் திருப்பி விடுவதால், மங்கிய நீரிலும் அது பளிச்சென்று நிற்கும்.

ஆனாலும் சோதனை நடந்தது ஆய்வகத்தில், கிட்டத்தில். ஏரியில் நீரே ஒரு வடிகட்டி. மிகத் தெளிந்த நீரில்கூடச் சிவப்பொளி இரண்டு மூன்று மீட்டரில் பாதியாகிவிடும். செம்பழுப்புக் கலங்கலில் நீலம்தான் முதலில் போகும், சிவப்பு தாக்குப்பிடிக்கும். டெக்சாஸின் சாம் ரேபர்ன் நீர்த்தேக்கத்தில் வசந்தத் தொடக்கத்தில் சிவப்பு கிராங்க்பைட் என்ற கெட்டியான போலி இரை பேர்போனது. அது வெறும் நம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். அப்போது மீன் நிற்கும் ஆழம் குறைவு, இரையான கிரேஃபிஷ் (நன்னீர் சிங்கி இறால்) செம்மை தட்டியிருக்கும், மீனின் கண்ணோ சிவப்புக்குக் கூர்மையானது, மூன்றும் ஒத்துப்போகின்றன.

பூசணிப் பச்சையின் புகழ் அப்படியல்ல. அதிகம் பேர் அதையே வீசுகிறார்கள். ஆகவே அதிக மீன் அதில் மாட்டுகிறது. மற்ற நிறங்களை எத்தனை முறை வீசினார்கள் என்ற கணக்கு இல்லாமல் இந்த வாதம் நிற்காது.

1980-களில் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் லோரன் ஹில் ஆய்விலிருந்து வந்த கலர்-சி-லெக்டர் கருவி, இரை போகும் ஆழத்தில் ஒளியை அளந்து எந்த நிற இரை ஏற்றது என்று சொன்னது. மேலிருந்து பார்க்காமல் மீன் இருக்கும் இடத்தில் அளந்தது மிகச் சரியான எண்ணம். ஆனால் நுட்பமான நிறப்பிரிவுகளை விடையாகத் தந்தது, பாஸின் கண்ணுக்கு மிஞ்சிய துல்லியம்.

என் தீர்ப்பு இது. நான்கு நிறம் போதும்: தெளிந்த நீருக்குப் பச்சை கலந்த பழுப்பு, கலங்கலுக்கு வெள்ளை அல்லது சார்ட்ரூஸ், இரவுக்கும் சேற்று நீருக்கும் கறுப்பு, வசந்தத்துக்குச் சிவப்பு. ஐந்தாவது நிறத்துக்கு ஒதுக்கிய பணத்தை வேறு எடையுள்ள ஈயத்துக்கு மாற்றுங்கள். மீன் நிற்கும் ஆழத்துக்கு இரை போய்ச் சேராவிட்டால் எந்த நிறமும் அதன் கண்ணில் படாது.