ஓர் எழுத்தின் வழக்கு: இத்தாலிய வினையும் மன்சோனியின் திருத்தமும்

வினைகளை வாய்பாடாக்கிக் கட்டமிட்டுக் காட்டும் நூல்கள் மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவன. எனினும் அவை ஓர் உண்மையை மறைத்துவிடுகின்றன. கட்டத்தினுள் அமைதியாக வீற்றிருக்கும் உருவங்கள் பல, ஒரு காலத்தில் வேறோர் உருவத்தோடு போராடி வென்றவை என்பதே அவ்வுண்மை. இத்தாலிய மொழியின் ஒழுங்கு வினைகள் இதற்குத் தக்க சான்று. அவற்றின் தன்மை ஒருமை விகுதி ஒன்றில் 'ஆ' நிற்பதா, 'ஓ' நிற்பதா என்பது நெடுங்காலம் முடிவுறாத வழக்காக இருந்தது. அலெசாந்த்ரோ மன்சோனி தம் பெருநாவலைத் திருத்தியபோது அவ்வழக்கில் ஒரு பக்கம் நின்றார். அவர் செய்தது தக்கதா என்பது மொழிப்பற்றுடையோர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்க வினா.

வினையின் அமைப்பு

இத்தாலிய வினைகள் ஆரே, ஏரே, ஈரே என்னும் ஈறுகளைக் கொண்டு மூன்று வகைப்படும். அன்பு செய்தலைக் குறிக்கும் 'அமாரே' முதல் வகையைச் சார்ந்தது. வினைப்பாங்குகள் ஏழு. உள்ளதை உள்ளவாறு கூறுவது ஒன்று, ஐயம், விருப்பம், அச்சம் ஆகியவற்றை உணர்த்துவது ஒன்று, 'இன்னது நேர்ந்தால் இது நிகழும்' எனக் கட்டுப்பாட்டோடு கூறுவது ஒன்று, ஏவல் ஒன்று. இந்நான்கும் இடமும் எண்ணும் காட்டும் முற்றுகள். எஞ்சிய மூன்றும் நம் தொழிற்பெயரையும் எச்சங்களையும் ஒருவாறு ஒத்தவை. முதற்பாங்கு ஒன்றிலேயே எட்டுக் காலங்கள் உள்ளன.

அவ்வெட்டனுள் ஒன்று, தொடர்ந்து நிகழ்ந்ததையோ வழக்கமாக நிகழ்ந்ததையோ கூறும் இறந்தகாலம். அதன் ஆறு உருவங்கள் இன்று அமாவோ, அமாவி, அமாவா, அமவாமோ, அமவாத்தே, அமாவனோ என வழங்குகின்றன. நன்னூல் கற்றவர் இவற்றைக் கண்டு மருளார். 'அமா' என்பதைப் பகுதியாகவும், வகர மெய்யைக் கால இடைநிலையாகவும், இறுதி உயிரை விகுதியாகவும் எளிதிற் பிரித்துவிடுவர்.

ஒழுங்கு எங்கிருந்து வந்தது?

இவ்வாய்பாட்டை 'ஒழுங்கு' என்கின்றன இலக்கண நூல்கள். ஆனால் அவ்வொழுங்கின் பெரும்பகுதி புளோரன்சு என்னும் ஒரே நகரத்தின் பேச்சு. 'அன்பு செய்கிறோம்' என்பதற்குப் பிற பகுதிகளில் 'அமாமோ' போன்ற உருவங்கள் வழங்கின; இலத்தீனுக்கு அண்மையில் நின்றவை அவையே. புளோரன்சு நகரத்தார் விழைவுப் பாங்கிற்குரிய விகுதியை இங்கும் கொணர்ந்து 'அமியாமோ' என்றனர். இன்று அதுவே ஒழுங்கு. எதிர்காலத்தில் சியேனா நகரத்தார் 'அமரோ' என்றனர். புளோரன்சில் அகரம் எகரமாகத் திரிந்து 'அமெரோ' ஆயிற்று. இன்று அதுவே ஒழுங்கு. கட்டுப்பாட்டுப் பாங்கில் 'அமெரீயா' என்னும் வகை உருவம் செய்யுளில் நெடுநாள் வாழ்ந்தது. புளோரன்சின் 'அமெரேய்' அதனை வென்றது. ஆகவே இத்தாலியத்தில் ஒழுங்கு எனப்படுவது இயற்கை விதியன்று. வரலாறு வழங்கிய தீர்ப்பு.

இரண்டு இடம், ஓர் உருவம்

இலத்தீனில் 'அமாபம்' என்பது தன்மை. 'அமாபத்' என்பது படர்க்கை. ஈற்றிலிருந்த மெய்கள் காலப்போக்கில் தேய்ந்தன. இடையிலிருந்த பகரம் வகரமாயிற்று. அதன் பயனாக 'நான் அன்பு செய்துவந்தேன்' என்பதற்கும் 'அவன் அன்பு செய்துவந்தான்' என்பதற்கும் 'அமாவா' என்ற ஓர் உருவமே எஞ்சியது.

இதனால் நேர்ந்த இடர்ப்பாடு தமிழருக்கு எளிதில் விளங்கும். 'வந்தேன்' என்றால் போதும். 'நான்' என்பது வேண்டுவதில்லை. விகுதியே இடத்தைக் காட்டிவிடுவதால் எழுவாய் தோன்றாமல் நிற்கலாம். இத்தாலியமும் இவ்வியல்புடைய மொழியே. 'அமாவா' என்பது இரண்டு இடத்துக்கும் பொதுவாகிவிட்டால் தோன்றா எழுவாயின் அழகும் சுருக்கமும் கெடுகின்றன. புளோரன்சுப் பொதுமக்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். நிகழ்காலத் தன்மையாகிய 'ஆமோ' என்பதன் ஈற்று ஓகாரத்தை இங்கும் ஏற்றி 'அமாவோ' என்றனர். எந்தப் புலவரும் கூடி முடிவு செய்ததன்று அது. மக்கள் நாவில் தானே விளைந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்நகரப் பேச்சில் அது நன்கு வேரூன்றியிருந்தது.

பெம்போ வகுத்த வழி

ஆயினும் ஏடுகள் அதனை ஏற்கவில்லை. வெனிசு நகரத்துப் பியெத்ரோ பெம்போ 1525இல் வெளியிட்ட உரையாடல் நூலில், செய்யுளுக்குப் பெத்ரார்க்காவையும் உரைநடைக்குப் பொக்காச்சியோவையும் மேற்கோளாகக் கொள்ள வேண்டும் என வற்புறுத்தினார். இருவரும் பதினான்காம் நூற்றாண்டினர். அவர்கள் காலத்து மரபான 'அமாவா' என்பதே செந்நெறி ஆயிற்று. புளோரன்சுத் தெருவில் வழங்கிய 'அமாவோ' இழிவழக்காக எண்ணப்பட்டது.

பெம்போவின் கொள்கையை எள்ளி நகையாடுவது முறையன்று. அரசால் சிதறுண்டு கிடந்த ஒரு நாட்டுக்குப் பொதுவான எழுத்துமொழி ஒன்றை நிலைநிறுத்தித் தந்தது அக்கொள்கையே. ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. எழுத்துமொழி நூலகத்தில் வாழ்ந்தது. மக்கள் தத்தம் வட்டார மொழிகளில் வாழ்ந்தனர். 1861இல் இத்தாலி ஓர் அரசானபோது, நூற்றுக்கு இரண்டரைப் பேரே இத்தாலியத்தைப் பேச வல்லவராயிருந்தனர் என்று துல்லியோ தே மவுரோ 1963இல் மதிப்பிட்டார். பத்துப் பேர் வரை இருந்திருக்கலாம் என்பது அர்ரிகோ கஸ்தெல்லானி 1982இல் தந்த கணக்கு. எதனைக் கொண்டாலும் நிலைமை வருந்தத்தக்கதே.

மன்சோனியின் திருத்தம்

மன்சோனி 1785இல் மிலான் நகரில் பிறந்தவர். மிலான் வட்டார மொழியும் பிரெஞ்சுமே அவர் வாழ்க்கையில் இயல்பாகப் பேசியவை. இத்தாலியம் நூல்வழிக் கற்றது. 'மணம் பேசிய இருவர்' என்று பொருள்படும் அவருடைய நாவல் 1827இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. புகழில் மயங்காத ஆசிரியர் அவ்வாண்டே புளோரன்சு சென்றார். அந்நகரப் பேச்சைச் செவியாரக் கேட்டார். பின்னர் எமிலியா லூத்தி என்ற புளோரன்சுப் பெண்மணியின் துணையையும் கொண்டு நூல் முழுவதையும் சொற்சொல்லாகத் திருத்தினார். திருத்திய பதிப்பு 1840 முதல் 1842 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. தன்மை ஒருமையில் 'ஆ' நீங்கி 'ஓ' அமர்ந்தது அத்திருத்தங்களுள் ஒன்று.

இதன் இலக்கியப் பயன் நோக்கத்தக்கது. நாவல் படர்க்கையில் நடப்பது. ஆதலின் தன்மை வினைகள் பெரும்பாலும் மாந்தர் பேசும் இடங்களிலேயே வரும். கதைத் தலைவன் ரென்சோ பட்டு நெசவாளி. தலைவி லூச்சியாவும் எளிய சிற்றூர்ப் பெண். அவர்கள் தம் துயரைக் கூறுமிடத்துப் பெத்ரார்க்காவின் விகுதி வருமாயின், பேசுவது ரென்சோ அல்லன்; இலக்கண ஆசிரியர். ஓரெழுத்தின் மாற்றம் அம்மாந்தரைப் புத்தகத்திலிருந்து நிலத்துக்கு இறக்கிவிட்டது.

இங்கு ஒரு தடை எழும். கதை 1628ஆம் ஆண்டு தொடங்கி லொம்பார்தி நாட்டில் நிகழ்வது. அந்நாட்டு நெசவாளி புளோரன்சு மொழியிலும் பேசியிருக்க மாட்டானே எனலாம். தடை பொருத்தமானதே. மன்சோனி காட்டியது அம்மனிதனின் உண்மைப் பேச்சன்று. எங்கேனும் ஓரிடத்தில் உயிரோடு பேசப்படும் மொழியை அவனுக்கு அளித்தார் என்பதே சரி. எங்கும் பேசப்படாத மொழியை அளிப்பதினும் அது மேலானது.

அஸ்கோலியின் மறுப்பு

மன்சோனி அவ்வளவில் நின்றிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். 1868இல் கல்வியமைச்சர் எமிலியோ புரோலியோவுக்கு அளித்த அறிக்கையில், புளோரன்சின் நிகழ்காலப் பேச்சையே நாடு முழுவதற்கும் மொழியாக்க வேண்டும் என்றார். அகராதியும் தஸ்கனி நாட்டு ஆசிரியர்களும் அதற்குக் கருவிகள் என்றார். அவ்வழியில் எழுந்த பேரகராதி 1870இல் வெளிவரத் தொடங்கியது. 'புதிய' என்னும் சொல்லை நாடெங்கும் 'நுவோவோ' என எழுதிவர, அவ்வகராதி தன் தலைப்பிலேயே புளோரன்சு ஒலிப்பைத் தழுவி 'நோவோ' என எழுதியது.

மொழியறிஞர் அஸ்கோலி 1873இல் தாம் தொடங்கிய ஆய்விதழின் முன்னுரையில் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு வாதிட்டார். ஒரு நகரத்தின் நாவை ஆணையால் நாட்டுக்குப் பொருத்த இயலாது. கல்வியும் அறிவுத்தொழிலும் பலரிடையே பரவும்போது பொதுமொழி தானே திரண்டு வரும். ஜெர்மனி அவ்வாறே மொழியொருமை பெற்றது என்பது அவர் கொள்கை.

தீர்ப்பு

இருவருள் வென்றவர் யார்? மக்கள் அளித்த விடை வியப்புக்குரியது. 'அமாவோ' இன்று இத்தாலிய மாணவர் கற்கும் ஒழுங்கு உருவம். 'அமாவா' தன்மைக்குரிய வழக்கை இழந்தது. ஆனால் 'புதிய' என்பதற்கு இன்றும் 'நுவோவோ' என்றே எழுதுகின்றனர். ஒரே நகரத்திலிருந்து வந்த இரு மாற்றங்களுள் ஒன்று ஏற்கப்பட்டது, மற்றது தள்ளப்பட்டது. முன்னது பொருள் மயக்கம் ஒன்றைத் தீர்த்தது. பின்னது ஊர்ப்பெருமையைத் தவிர வேறொன்றும் தரவில்லை. தெளிவு ஒன்றே எப்போதும் வெல்லும் என்பதற்கும் இல்லை. விழைவுப் பாங்கின் நிகழ்காலத்தில் ஒருமையின் மூன்று இடங்களுக்கும் 'ஆமி' என்ற ஓர் உருவமே இன்றும் நிற்கிறது. அங்கு மக்கள் புதுவழி காணவில்லை. ஆதலின் ஏற்கப் புலவர்க்கும் ஒன்றுமில்லை. மக்கள் நா முதலில் ஆக்க வேண்டும். தக்க எழுத்தாளர் அதற்கு ஏட்டில் இடம் தர வேண்டும். இரண்டும் கூடியபோதே விதி பிறக்கிறது.

தமிழுக்கு இது புதிய பாடமன்று. 1680இல் காஸ்திலியோனேயில் பிறந்த இத்தாலியராகிய வீரமாமுனிவர், செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் எழுதினார். இரண்டையும் கற்கத்தக்கனவாக மதித்தார். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு செய்தவர் என்றும் போற்றப்படுகிறார். மயக்கம் தீர்த்த அம்மாற்றத்தைத் தமிழுலகம் தயங்காது ஏற்றது. பழமை என்பதற்காக ஒன்றைக் காப்பதும், பேச்சு என்பதற்காக ஒன்றைப் புகுத்துவதும் ஒருபுறச் சார்பே. ஒரு மாற்றம் மொழியின் இயல்போடு பொருந்தி அதன் தெளிவை வளர்க்கிறதா என்று கேட்பதே நடுவுநிலை. மன்சோனி அக்கேள்விக்கு ஓரெழுத்தில் சரியான விடை தந்தார். ஒரு நகரத்தையே விடையாகத் தந்தபோதுதான் பிழைத்தார்.