மூன்றரை நூல்

ஒரு மாடல் ரயில் லேஅவுட்டைப் பார்க்கப் போனால் என் கண் என்ஜினுக்குப் போவதில்லை. ஸ்டேஷன், மலை, குகை, விளக்கு எல்லாம் பிறகுதான். நேர்பாதை முடிந்து வளைவு தொடங்கும் அந்த ஒரு சாண் இடத்தைத்தான் முதலில் தேடுவேன். குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், பாதை போட்டவரின் பொறுமை எவ்வளவு என்று தெரிந்துவிடும். வளைவு இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் வேலை சுமார். எங்கே ஆரம்பித்தது என்றே சொல்ல முடியவில்லை என்றால் அந்த மனிதரோடு உட்கார்ந்து ஒரு காபி குடிக்கலாம்.

வளைவில் வண்டி தடம் புரள்கிறது என்று சொன்னால் நண்பர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது, ஆரத்தைக் கூட்டு என்பதுதான். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். இடம் இருப்பவர்கள் தாராளமாகக் கூட்டிக்கொள்ளட்டும். படுக்கையறைச் சுவரை ஒட்டிப் பலகை அடித்து ஓட்டுகிறவர்களுக்கு, ரெடிமேட் பாதைத் துண்டுகளின் மூன்றாம் ஆரமான 505 மி.மீ.யிலிருந்து நான்காம் ஆரமான 572-க்குப் போனாலே கதவு திறக்காது. அப்படியே போனாலும், நேராக வந்த கோச் ஒரே ஜாயின்ட்டில் 572-க்குள் நுழைந்தால் குலுங்கத்தான் செய்யும். வளைவு இறுக்கமாக இருப்பதைப் பெட்டி ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அந்த இறுக்கம் ஒரே நொடியில் வந்து சேருவதைத்தான் பொறுக்காது.

எல்ஹெச்பி என்ற நீளமான புதிய கோச் வந்த பிறகு இது பட்டவர்த்தனமாகிவிட்டது. 2018-ல் பெரம்பூர் தொழிற்சாலை பழைய ஐசிஎஃப் கோச் கட்டுவதை நிறுத்தியது. நம் அலமாரிகளிலும் ஐசிஎஃப் நீலம் குறைந்து எல்ஹெச்பி சிவப்பு கூடியது. ஐசிஎஃப் கோச்சின் உடல் நீளம் 21.34 மீட்டர், ஹெச்ஓ மாடல் அளவில் 245 மி.மீ. எல்ஹெச்பி 23.54 மீட்டர், அதாவது 270 மி.மீ. போகி மையங்களுக்கு நடுவே உள்ள தூரமோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 170 மி.மீ. சொச்சம். ஆகவே கூடுதல் நீளம் முழுவதும் இரு முனைகளிலும் போகிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 505 ஆரத்தில் ஐசிஎஃப் கோச்சின் முனை பாதையின் நடுக்கோட்டை விட்டு 7.7 மி.மீ. வெளியே தள்ளும். எல்ஹெச்பி முனை 11 மி.மீ. தள்ளும். கப்ளிங் இருப்பது அந்த முனையில். பின்னால் வரும் கோச் இன்னும் நேர்பாதையில் நிற்க, முன்னால் போகும் கோச்சின் வால் 11 மி.மீ. ஒதுங்கினால், கப்ளிங் பக்கவாட்டில் இழுக்கிறது, போகி திரும்புகிறது, ஃப்ளேஞ்ச் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடுகிறது. ஐசிஎஃப் ரேக் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடிய அதே வளைவில் எல்ஹெச்பி ரேக் விழுவதற்குக் காரணம் இவ்வளவுதான். கோச் தயாரித்தவரைத் திட்டுவதில் பயனில்லை.

இந்த விஷயத்தில் என் ஆசான் ஜான் ஆர்ம்ஸ்ட்ராங். அமெரிக்காவின் மேரிலாண்டில் வாழ்ந்த பொறியாளர். ஓ ஸ்கேலில் அவர் போட்ட கேனன்டேகுவா சதர்ன் லேஅவுட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். பாதைத் திட்டம் போடுவது பற்றி 1963-ல் வந்த அவருடைய புத்தகத்தை, அறையைச் சதுரம் சதுரமாகப் பிரித்து எது கொள்ளும், எது கொள்ளாது என்று பார்க்கும் முறைக்காகக் கொண்டாடுகிறவர்கள் இன்னும் அதிகம். எனக்கு அந்தப் புத்தகத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிது, வளைவுக்குள் நுழையும் பெட்டியின் குலுக்கலை அவர் நடத்திய விதம். மற்றவர்கள் முகம் சுளித்துவிட்டு விட்ட ஒன்றை அவர் அளக்க வேண்டிய பொருளாக எடுத்துக்கொண்டார். குலுக்கல் கெழு என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார். நேர்பாதையிலிருந்து வட்டத்துக்குப் படிப்படியாக இறுகும் ட்ரான்சிஷன் உள்ள சற்று இறுக்கமான வளைவு, ட்ரான்சிஷன் இல்லாத அகன்ற வளைவைவிட நன்றாக ஓடும், பார்க்கவும் நன்றாக இருக்கும் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

அவர் பரிந்துரைத்த கருவி ஒரு மரப்பட்டை. வளைத்த பட்டை. பலகையில் நேர்கோட்டையும் வட்டத்தையும் ஒன்றையொன்று தொடவிடாமல் கொஞ்சம் ஒதுக்கி வரைய வேண்டும். எவ்வளவு ஒதுக்கம் என்றால், ட்ரான்சிஷன் நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் 24 மடங்கால் வகுக்க வேண்டும். ஆரம் 24 அங்குலம், ட்ரான்சிஷன் 16 அங்குலம் என்று வைத்தால் விடை 7/16 அங்குலம், நம் தச்சர் கணக்கில் மூன்றரை நூல். ஒதுக்காவிட்டால் இரண்டும் தொட்டிருக்கும் புள்ளிக்கு (தொடுபுள்ளி) இந்தப் பக்கம் 8 அங்குலம், அந்தப் பக்கம் 8 அங்குலம் குறித்துக்கொண்டு, ஒரு முனையில் பட்டையை நேர்கோட்டோடும் மறுமுனையில் வட்டத்தோடும் சேர்த்து ஆணி வைத்துப் பிடித்தால், நடுவில் பட்டை தானாக வளைந்து நிற்கும். ஒதுக்கத்தின் சரிபாதியை அது தொடுபுள்ளிக்கு நேரே கடக்கும். கணுவில்லாத தேக்கில் இரண்டு நூல் கனத்துக்கு இழைத்த ரீப்பர் போதும். பிளாஸ்டிக் பட்டையில் சிலர் செய்கிறார்கள், கம்ப்யூட்டரில் வரைந்து காகிதத்தை ஒட்டுகிறவர்களும் உண்டு. அவையும் சரியாகவே வரும். ஆனால் தேக்குப் பட்டை கைக்குள் விறைத்து, எங்கே எவ்வளவு வளைய விரும்புகிறது என்று உள்ளங்கைக்குச் சொல்லும். அதை ஒரு முறை உணர்ந்தவர்கள் மவுஸைத் தொட மாட்டார்கள்.

போட்டு முடித்த லேஅவுட்டுக்கும் இது பொருந்தும். நேர்பாதையை அசைக்க வேண்டாம். வளைவின் ஆணிகளைத் தளர்த்தி, முழு வளைவையும் 11 மி.மீ. மையத்தை நோக்கித் தள்ளினால், 505 ஆரம் 494 ஆகிறது. அதற்கு ஈடாக இரு முனையிலும் 360 மி.மீ. நீளத்துக்கு ட்ரான்சிஷன் கிடைக்கிறது. ஆரத்தைக் குறைத்தா தடம் புரளலைத் தடுப்பது என்று கேட்பார்கள். ஒரு எல்ஹெச்பி ரேக்கை ஓட்டிக் காட்டினால் கேள்வி நின்றுவிடும்.

போட்ட வளைவு சீராக இருக்கிறதா என்று பார்க்க இனி வெர்சைன். மீட்டர் கேஜ் காலத்தில் எங்கள் ஊர் ஸ்டேஷனைத் தாண்டி ஒரு வளைவு இருந்தது. பாதையைப் பராமரிக்கும் கேங் வரும் நாட்களில் அங்கே போய் நிற்பேன். மேஸ்திரி தண்டவாளத்தில் கன்னம் படுகிற மாதிரி குனிந்து பார்ப்பார். எழுந்து கையை மட்டும் ஆட்டுவார். கடப்பாரைக்காரர்களில் ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட்டு ஒரே நெம்பு நெம்புவார்கள். பாதை ஒரு விரற்கடை நகரும். பிறகு நூலைப் பிடிப்பார்கள். 20 மீட்டர் நூலை வளைவின் வெளித் தண்டவாளத்தின் உள்முகத்தில் இரு முனையும் படுமாறு இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளப்பது; அந்த இடைவெளிதான் வெர்சைன். 10 மீட்டருக்கு ஒரு குறி. 50,000-ஐ மீட்டர் கணக்கிலான ஆரத்தால் வகுத்தால் வர வேண்டிய வெர்சைன் மி.மீ.யில் கிடைக்கும். இன்று இதையெல்லாம் டாம்பிங் மெஷின் செய்துவிடுகிறது. வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. கன்னத்தை வைத்துப் பார்க்கிற மேஸ்திரிகள்தான் குறைந்துவிட்டார்கள்.

இதே வித்தையை நம் பலகையில் செய்ய 200 மி.மீ. நீளமுள்ள ஒரு ஸ்டீல் பட்டை போதும். வெளித் தண்டவாளத்தில் 100 மி.மீ.க்கு ஒரு பென்சில் குறி. பட்டையை வைத்து நடுவில் வெர்னியரால் அளக்க வேண்டும். ஆரம் 500 என்றால் ஒவ்வொரு குறியிலும் 10 மி.மீ. வர வேண்டும். ஒரு வளைவில் 10, 8, 14, 8, 10 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி பார்த்தால் 10, குறையே இல்லை. ஆனால் 14 வந்த இடத்தில் ஆரம் 357 மி.மீ., முதலாம் ஆரமான 371-ஐவிட இறுக்கம். ரேக் விழுவது அங்கேதான். அட்டைப்பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும், பாதை வாங்கும்போது என்ன ஆரம் கேட்டு வாங்கியிருந்தாலும், கோச் ஓடுவது அந்த 357-ல்தான்.

சரிசெய்வதில்தான் அழகு இருக்கிறது. ஒரு குறியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவு அதன் வெர்சைன் மாறும். பக்கத்துக் குறிகள் இரண்டும் அதில் பாதி எதிர்த்திசையில் மாறும். 14 வந்த இடத்தை மட்டும் 4 மி.மீ. மையத்தை நோக்கித் தள்ளினால் 14 என்பது 10 ஆகிறது. இருபுறமும் இருந்த 8 தலா 2 கூடி 10 ஆகிறது. மொத்தம் முன்பும் 50, இப்போதும் 50. வேறெதையும் தொடவில்லை. ஒரே ஒரு இடத்தைத் தள்ளி மூன்று இடங்களைச் சரிசெய்துவிட்டோம். வளைவையே பிடுங்கிப் புதிதாகப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. நாலு மி.மீ. வேலைக்கு நாலு நாள் செலவழிக்கிறார்கள்.

அந்த 14 எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். பத்துக்கு ஒன்பது முறை ஜாயின்ட்டில் இருந்துதான். ஃப்ளெக்சி டிராக்கை வளைத்துவிட்டு இணைத்தால், இணைப்புக்குப் பக்கத்தில் தண்டவாளம் நேராகவே இருக்கப் பார்க்கும், அங்கே ஒரு மூலை விழும். நேராக இருக்கும்போதே இரண்டு துண்டையும் சால்டர் வைத்து ஒன்றாக்கி, பிறகு வளைக்க வேண்டும். கால் வட்டம் வளைத்தால் உள் தண்டவாளம் வெளித் தண்டவாளத்தைவிட 26 மி.மீ. அதிகமாக முனையில் நீட்டிக்கொண்டு நிற்கும். 16.5 மி.மீ. கேஜில் ஆரம் எதுவானாலும் இதே கணக்குதான். அதை வெட்டி, பிசிர் போக அரம் போட்டு, தலையின் உள்விளிம்பை ஒரு மயிரிழை சரிவாக்கிய பிறகே ஜாயினரை ஏற்ற வேண்டும். விரல் நகத்தை அந்த இடத்தில் ஓட்டினால் தடுக்கக் கூடாது. நகம் தடுக்கினால் ஃப்ளேஞ்சும் தடுக்கும்.

தடம் புரளாமலிருக்கக் கோச்சில் எடை சேர்க்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஹெச்ஓ-வில் ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ் என்ற அமெரிக்கச் சங்கக் கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் மூலை விழுந்த வளைவில் எடையைக் கூட்டினால், விழாமல் ஓடுகிற ரேக்கின் அடியில் மூலை அப்படியே இருக்கும். நோயை மறைத்த மாதிரிதான். கேன்ட் கொடுக்கிறவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். நம் வேகத்தில், நம் எடையில், வெளித் தண்டவாளத்தை உயர்த்துவது கண்ணுக்காக மட்டுமே. அந்த அழகை நானும் ரசிக்கிறேன். ட்ரான்சிஷன் இல்லாமல் அரை மி.மீ.யைக்கூட ஒரே இடத்தில் ஏற்றாதீர்கள். நான்கு சக்கர வேகனின் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். உயரமும் வளைவும் கைகோத்து ஏற வேண்டும்.

எஸ் வளைவில் முனை ஒதுங்கும் துன்பம் இரட்டிப்பாகும். ஒரு கோச்சின் முனை ஒரு பக்கம் 11, அடுத்த கோச்சின் முனை எதிர்ப்பக்கம் 11 என்று ஒதுங்கினால் இரண்டு கப்ளிங்குக்கும் நடுவில் 22 மி.மீ. வித்தியாசம். நடுவில் ஒரு கோச் நீளத்துக்கு நேர்பாதை வைப்பதே இதற்கு மருந்து. பாதைத் திட்டங்கள் வரைந்த சிரில் ஃப்ரீசர் 1957-ல் கொடுத்த மைனரீஸ் என்ற ஸ்டேஷன் திட்டத்தை எல்லோரும் சின்ன இடத்தில் பெரிய ஸ்டேஷன் என்பதற்காகப் புகழ்கிறார்கள். அதன் முனையில் பாயின்ட்டுகளை எப்படித் திருப்பி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பெட்டிகள் எதிரும் புதிருமாக முறுக்கிக்கொள்ளாமல் பிளாட்பாரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும். எஸ் வளைவின் மேல் அவருக்கு இருந்த வெறுப்பை அந்தப் பாயின்ட்டுகளிலேயே படிக்கலாம்.

இப்போது வரும் திட்டங்களில் அந்த வெறுப்பு இல்லை. நெருக்கமான கப்ளிங் வந்துவிட்டது, வளைவில் அது தானே நீண்டுகொடுக்கும், ஆகவே ட்ரான்சிஷன் எதற்கு என்கிறார்கள். குறைந்தபட்சம் இரண்டாம் ஆரம் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தால் 438-ல் ஓடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஓடவும் செய்யும். ஓடுவதற்கும் ரயில் போவது போலப் போவதற்கும் உள்ள தூரத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. அழகாக அச்சான பாதை வரைபடங்களில் ஆரம் இருக்கிறது, பாயின்ட்டின் எண் இருக்கிறது, ஸ்டேஷனின் பெயர்கூட இருக்கிறது. நேர்கோடு வட்டத்தை எங்கே, எவ்வளவு ஒதுங்கிச் சந்திக்கிறது என்பது மட்டும் இல்லை. வரைகிறவர்கள் ஒவ்வொரு ஆரத்துக்கும் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுதட்டும். மூன்று நூலா, மூன்றரையா, நாலா என்று தெரிந்தால், போடுகிறவர் முதல் ஆணி அடிப்பதற்கு முன்பே பாதி தடம் புரளல்கள் நின்றுபோகும்.