பதினேழு பலகைகள், ஒரு கம்பி

ஆப்பிள் டூ கணினியின் மூடியைத் திறந்தால் தாய்ப்பலகையில் 16 துளைகள் கொண்ட சின்னஞ்சிறு சாக்கெட் ஒன்று தெரியும். விளையாட்டுக் கைப்பிடிகளைச் செருகுவதற்கென்று வைத்தது. பொத்தானை அழுத்தியிருக்கிறார்களா என்று பார்க்க மூன்று உள்ளீடுகள். வெளியே எதையாவது ஆன், ஆஃப் செய்ய நான்கு வெளியீடுகள். இந்த வெளியீடுகளைப் பெரும்பாலானோர் ஒருநாளும் தொட்டதில்லை. மைக்கேல் மாஹோன் என்ற அமெரிக்கர் தொட்டார். ஒரு கணினியின் வெளியீட்டை இன்னொன்றின் பொத்தான் உள்ளீட்டில் கோத்துவிட்டால், முதலாவது இரண்டாவதன் பொத்தானை ‘அழுத்த’லாம். நொடிக்கு லட்சம் தடவை என்ற கணக்கில் அழுத்தினால் அது பேச்சாகிவிடும். நாடாநெட் என்று அவர் பெயரிட்ட வலையின் சங்கதி அவ்வளவுதான்.

இந்த வலையில் முதலில் எட்டு ஆப்பிள் டூ-ஈ பலகைகளையும் பிறகு பதினேழையும் சேர்த்து அவர் கட்டிய அடுக்குக்கு ஆப்பிள்கிரேட் என்று பெயர். பலகைகளுக்குத் தனித்தனியே விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது, டிஸ்க் டிரைவ் கிடையாது. மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு பலகையும் ரோமில் மாற்றி எழுதப்பட்ட கட்டளைப்படி, “எனக்கு என்ன வேலை?” என்று கம்பியைக் கேட்டுக்கொண்டு நிற்கும். நிரலும் அதே கம்பி வழியாகத்தான் வந்து சேரும்.

பழைய கணினிகளை வலையில் கோக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இன்றைய வைஃபை பலகை ஒன்றை உள்ளே செருகிவிடுவார்கள். கடன் வாங்கிய அந்தத் துணுக்கு, தான் அமர்ந்திருக்கும் கணினியைவிடப் பல நூறு மடங்கு வேகமானது. வேலையெல்லாம் அது செய்ய, பழைய கணினி கொலுப் பொம்மையாக உட்கார்ந்திருக்கும். எனக்கு அதில் ருசி இல்லை. பிரிட்டிஷ் பள்ளிகளில் ஓடிய பிபிசி மைக்ரோவின் எகோநெட் மரியாதைக்குரியது. ஒரு கணினி இன்னொன்றின் நினைவகத்தை எட்டிப் பார்க்கவும் எழுதவும் அங்கேயே வழி இருந்தது. ஆனால் கம்பியைக் கவனிக்க அதில் தனிச் சில்லு உண்டு. நாடாநெட்டில் அதுவும் இல்லை. இருக்கிற உறுப்புகளைக் கொண்டே எல்லாவற்றையும் சாதிக்க வேண்டும்.

அப்படிச் சாதிப்பதில்தான் கைவேலை. ஆப்பிள் டூவின் மூளையான 6502 ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. ஒரு துடிப்பு ஏறக்குறைய ஒரு மைக்ரோநொடி. கணினியில் நேரம் பார்க்கக் கடிகாரச் சில்லு கிடையாது. ஆகவே ஒவ்வொரு கட்டளையும் எத்தனை துடிப்பு தின்கிறது என்று கூட்டித்தான் நேரம் அறிய வேண்டும். நினைவக முகவரியிலிருந்து ஒரு பைட்டை எடுக்க நான்கு துடிப்பு. நிபந்தனை பொய்த்தால் தாவல் கட்டளைக்கு இரண்டு, மெய்யானால் மூன்று. தாவும் இடம் 256 பைட் கொண்ட அடுத்த ‘பக்க’த்தில் விழுந்தால் நான்கு! நிரலை நினைவகத்தில் ஓரிரு பைட் தள்ளி வைத்தாலே கணக்கு சிதறும். ஒரு பிட்டுக்கு எட்டுத் துடிப்புதான் அவகாசம். அதற்குள் கம்பியைப் பார்த்து, கண்டதைப் பதிந்து, அடுத்ததற்குத் தயாராக வேண்டும். சரியாக அமைந்த அந்தச் சில வரி அசெம்பிளி நிரலைப் படிக்கும்போது, கொன்னக்கோல்காரர் தீர்மானத்தை இம்மி பிசகாமல் சமத்தில் கொண்டுவந்து இறக்குகிற சுகம் கிடைக்கிறது.

இரண்டு கணினிகளில் இந்தத் துடிப்பைத் தரும் படிகங்கள் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை என்பது அடுத்த தொல்லை. ஒரு பைட்டுக்குள் அந்த விலகல் பொருட்டில்லை. நூற்றுக்கணக்கான பைட்டுகள் தொடர்ந்து வந்தால் கேட்பவன் பிட் தவறிவிடுவான். அதனால் பைட்டுக்குப் பைட் கேட்பவன் தன் காலடியைத் திருத்திக்கொள்கிறான்.

கிடைக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 10 கிலோபைட். இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் எதிர்ப்பக்கக் கணக்கையும் பாருங்கள். புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு வரையும் மாண்டல்ப்ரோட் படம் ஒன்றை இந்த அடுக்கில் வரைவதாக வைத்துக்கொள்வோம். ஆப்பிள் டூவின் நுண்திரையில் ஒரு வரி என்பது 280 புள்ளிகள், 40 பைட். அதைக் கம்பியில் அனுப்ப 4 மில்லிநொடி போதும். அந்த வரியைக் கணக்கிடவோ, பெருக்கல் கட்டளையே இல்லாத 6502-க்குப் பல நொடிகள் ஆகும். கம்பி மந்தம், கணிப்பான் அதைவிட மந்தம். எனவே கம்பி மின்னலாகிவிடுகிறது. பேசுகிற நேரத்தில் கணக்குப் போட முடியாது என்ற குறைகூட இங்கே உறைக்காது.

வரிகளைச் சமமாகப் பங்கிட்டால் மட்டும் காரியம் கெடும். படத்தின் நடுவே உள்ள கரும்பகுதி வரிகள் பல மடங்கு நேரம் தின்பவை. அவை சிக்கிய பலகை திணறும்போது மற்றவை கைகட்டி நிற்கும். வேலை முடித்தவன் வந்து அடுத்த வரியைக் கேட்டு வாங்கிப் போவதே சரியான ஏற்பாடு. பெரிய ஆய்வகங்களின் சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் இதே தலைவலிதான். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதமும் இங்கே விரல்விட்டு எண்ணும் அளவில் தெரியும்: வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், பதினேழு பலகை சேர்ந்தும் ஆறரை மடங்கு வேகம்தான் கிடைக்கும்.

என்றாலும், ஒரே ஆப்பிள் டூவை விடிய விடிய ஓடவிட்டாலும் மாண்டல்ப்ரோட் அதே படமாகத்தான் வரும். காத்திருப்பு மட்டுமே கூடுதல். அதனால் இந்த அடுக்கின் உண்மையான கச்சேரி மாஹோன் அதில் பாட்டு வாசிக்க வைத்ததுதான் என்பேன். ஆப்பிள் டூவின் ஒலிபெருக்கிக்கு உள்ளே, வெளியே என்று இரண்டே நிலை. ஒரு முகவரியைத் தொட்டால் நிலை மாறும், ‘டிக்’ என்று ஒரு சத்தம். அந்த டிக்குகளின் இடைவெளியைத் துடிப்பு எண்ணி மாற்றி மாற்றித்தான் நாதம் வர வேண்டும். அதற்கே மூளை முழுதும் செலவாகிவிடும். ஒரு கணினியிலிருந்து ஒரு குரல். அசகாய சூரர்கள் இரண்டு வரவழைத்தார்கள். பதினாறு குரல் சேர்ந்து ஒலிக்கும் ஒரு கணத்தை ஒற்றைக் கணினியால் அந்தக் கணத்திலேயே கணக்கிட்டு உண்டாக்க முடியாது. பலகைக்கு ஒரு குரல் என்று பிரித்தால்தான் உண்டு.

நாதம் சற்று மணல் கலந்ததுதான். பட்டுக் குரல் தேடுவோருக்கு இது ஆகாது. சேர்ந்திசையாயிற்றே, படிகங்கள் விலகினால் தாளம் போய்விடாதா என்று கேட்கலாம். தொடக்கச் செய்தி ஒரே கம்பியில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் எட்டும். அதன்பின் ஒரு படிகத்துக்கும் இன்னொன்றுக்கும் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபாடு என்று வைத்துக்கொண்டு, நடுவில் யாரும் திருத்தவே இல்லை என்றும் வைத்துக்கொண்டாலும், மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் விலகல் 9 மில்லிநொடி. எத்தனையோ மேடைகளில் இதைவிட அதிகம் விலகியதைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம்.