தலைவரின் மதமும் தலைமையின் கடமையும்

தலைவர் ஒருவரின் மதத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்று என்பார் உளர். மதம் அவரவர் சொந்த விஷயம் என்பதில் நமக்கும் ஆட்சேபமில்லை. ஆயின், அச்சொந்த விஷயம் என்று பொதுக் காரியத்தின் வாயிலில் வந்து நிற்கின்றதோ, அன்றே அதனை ஆராய்வது பொதுமக்களின் கடமையாகிவிடுகின்றது. இக்கருத்துடனேயே, ஈழத் தமிழர் தலைவராய் விளங்கிய காலஞ்சென்ற எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்களின் கிறிஸ்தவத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அவர் நம் மண்ணுக்கு அந்நியரல்லர். 1898 மார்ச் 31-ல் ஈப்போவில் பிறந்தவர். பிழைப்பை நாடி யாழ்ப்பாணத்தினின்று மலாயா வந்த குடும்பங்களுள் அவர் குடும்பமும் ஒன்று. அவ்வாறு வந்தவர்களே பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குமாஸ்தாக்களாய்க் குடியேறிக் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். அதே பேட்டையில் தமிழ் லுத்தரன்களின் சீயோன் ஆலயமும், சிங்கள பௌத்தர் நிறுவிய மகா விகாரையும் நிற்கின்றன. 1946-ல் கோலாலம்பூரில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதன் முதல் தலைவராய் அமர்ந்தவர் ஜான் திவி. தமிழருள் பெரும்பாலோர் இந்துக்கள். எனினும் கிள்ளான் தோட்டத் தொழிலாளி அப்பெயரின் முற்பாதியைக் கண்டு முகஞ்சுளித்ததாய் நாம் கேட்டதில்லை. ஆகவே, இவ்விஷயத்தைப் பதற்றமின்றி நோக்க நம்மவர்க்கு எளிதாக வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? செல்வநாயகத்தைப் புகழ்வோர் பலர் அவரைத் “தந்தை செல்வா” என்று சுருக்கி அழைத்து, சாமுவேல் ஜேம்ஸ் என்ற பெயர்களை மெல்ல மறைத்துவிடுகின்றனர். இகழ்வோரோ அப்பெயர்களையே உரக்கக் கூவி, சைவர்க்குக் கிறிஸ்தவர் தலைவராவதா என்று கேட்கின்றனர். மறைப்பவரும் கூவுபவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். மதம் ஒரு தலைவருக்குக் குறை என்று இருசாராருமே கருதுகின்றனர் அல்லரோ?

குறையா நிறையா என்று அறிய, அவர் காலத்துப் பிறிதொருவரை அருகில் நிறுத்திப் பார்ப்போம். சாலமன் வெஸ்ட் ரிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயக்கா கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கில ஆளுநரின் பெயரையே தம் பெயருள் தாங்கியவர். செல்வநாயகம் படித்த சென். தோமஸ் கல்லூரியிலேயே அவரும் படித்தார். அரசியலில் இறங்கியபின் அவர் பௌத்தராயினார். 1956-ல் சிங்களம் மட்டும் என்ற முழக்கத்தோடு பிரதமரானார். 1957 ஜூலையில் செல்வநாயகத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை, 1958 ஏப்ரலில் பிக்குகள் தம் வீட்டு வாயிலில் வந்து அமர்ந்ததும் கைவிட்டார். 1959 செப்டம்பரில் ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கே இரையானார். பெரும்பான்மையின் மதத்தைத் தழுவியது அவருக்குப் பதவியைத் தந்தது, பாதுகாப்பைத் தரவில்லை.

செல்வநாயகமோ அவ்வழி செல்லவில்லை. காங்கேசன்துறைத் தொகுதி சைவர் மலிந்தது. 1952-ல் அங்கு அவர் தோற்றார்; வென்ற நடேசன் சைவக் கல்விக்கு உழைத்த பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். தோல்விக்குப் பின்னும் அவர் திருநீறு பூசி வாக்குக் கேட்கவில்லை. மாதா கோயிலைக் காட்டியும் கேட்கவில்லை. 1956-ல் மீண்டும் வென்றார். 1975-ல் நடந்த இடைத்தேர்தலில் 25,927 வாக்குகள் பெற்றார். எதிர்த்தவர் பெற்றவை 9,457. தலைவர் மதம் மாறாமலே மக்கள் மனம் மாறக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிற்க. இனி மறுபக்கம். 1968-ல் அவர் தொகுதிக்குள்ளேயே உள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமை கேட்டு நின்றனர். கணிதப் பேராசிரியராயும் அமைச்சராயும் இருந்த சுந்தரலிங்கம் முன்னின்று தடுத்தார். சாதியின் பேரால் கோயிற் கதவை அடைப்பது குற்றம் என்று 1957-லேயே சட்டம் செய்யப்பட்டிருந்தது. 1956-ல் காலிமுகத்திடலிலும் 1961-ல் யாழ்ப்பாணக் கச்சேரி முன்பும் சத்தியாக்கிரகம் நடத்திய தலைவர், இவ்வாயிலில் முன்வரிசையில் நிற்கவில்லை. கிறிஸ்தவராகிய அவர் சைவக் கோயில் விவகாரத்தில் எங்ஙனம் தலையிடுவது என்பது அவர் சார்பில் சொல்லப்படும் சமாதானம்.

இச்சமாதானம் புதியதன்று. 1924-ல் வைக்கத்தில் ஜார்ஜ் ஜோசப் என்னும் கிறிஸ்தவர் முன்னின்று உழைத்தபோது, இது இந்துக்கள் செய்ய வேண்டிய வேலை என்று காந்தியார் அவருக்கு எழுதினார். ஜோசப் சிறை சென்றார். வைக்கத்தில் கேட்கப்பட்டது தெருவில் நடக்கும் உரிமை. அதில் மதம் எங்கே வந்தது? மாவிட்டபுரத்தில் கேட்கப்பட்டதோ சட்டம் வழங்கிவிட்ட உரிமை. ஆகமம் எதுவென்று தீர்ப்புக் கூறும்படி செல்வநாயகத்தை எவரும் கேட்கவில்லை. தம் தொகுதிக் குடிகளுக்குச் சட்டம் தந்ததைப் பெற்றுத்தரும் பொறுப்பே அவருக்கு இருந்தது. அதற்கு ஞானஸ்நானம் தடையாகாது.

அவர் அங்கு சென்றிருந்தால், சைவத்தை அழிக்கக் கிறிஸ்தவர் செய்யும் சூழ்ச்சி என்று வைதிகர் கிளப்பியிருப்பர், தமிழர் ஒற்றுமை குலைந்திருக்கும் என்று சில நண்பர்கள் வாதிக்கலாம். கிளப்பியிருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது தேர்தல் கணக்கே ஒழிய மதக் கூச்சம் அன்று. மேலும், அவ்வொற்றுமையின் விலையைக் கொடுத்தவர் யாவர்? வெயிலில் வாயிலில் நின்றவர்களே அன்றோ? தமிழன் என்ற பெயரால் சிங்களவரிடம் சமத்துவம் கேட்கும் ஓர் இனம், தன் கோயில் வாசலில் அதே சமத்துவத்தை மறுக்குமாயின், அதன் கோரிக்கைக்கு வலிமை ஏது?

தமிழரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவர் பிற்காலத்தில் கூறியதைப் பலர் எள்ளி நகையாடுவர். நாம் நகையாடோம். எந்தக் கடவுள் என்று அவர் சொல்லவில்லை என்பதையே குறிக்கின்றோம். அந்தப் பொதுமை அவர் பெருமை. அதே பொதுமையைக் கோயில் வாயில் வரை கொண்டுசெல்லாதது அவர் குறை. 1977 ஏப்ரல் 26-ல் மறைந்த அம்மனிதருக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்வதே உண்மையான மரியாதை. நம் தலைவர்களை எந்தக் கோயிலுக்குப் போகின்றார் என்று கேட்பதை விடுத்து, யாருக்காக எந்த வாயிலில் நிற்கின்றார் என்று நம்மவர் கேட்கப் பழகுவாராக.