'டிஃபரென்ட்' டு போட்டால் தப்பா?

'டிஃபரென்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'ஃப்ரம்' மட்டும்தான் வரணும், 'டு' போட்டால் தப்பு என்று சொல்லும் ஆங்கில இலக்கணக் கையேடுகள் இன்னும் இருக்கின்றன. காரணமும் சொல்வார்கள்: 'டிஃபர்' என்ற வினைச்சொல் 'ஃப்ரம்' எடுக்கிறது, அதனால் அதன் பெயரடையும் அதையே எடுக்க வேண்டுமாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'அக்கார்ட்' என்ற வினை 'வித்' எடுக்கும். 'அக்கார்டிங்' என்று ஆனதும் 'டு' எடுக்கும். அதை யாரும் தப்பு என்பதில்லையே. அப்போ அந்த விதி எங்கே போச்சு?

'அவெர்ஸ்' என்ற சொல்லைப் பாருங்க. லத்தீன் மூலத்தில் 'விலகித் திரும்பிய' என்று பொருள். ஆகவே 'ஃப்ரம்' தான் முறை, 'டு' முறையல்ல என்று சாமுவேல் ஜான்சன் தன் 1755 அகராதியில் குறித்தார். இன்று எல்லோரும் எழுதுவது 'அவெர்ஸ் டு'. ஜான்சனின் தர்க்கத்தை வழக்கு ஜெயித்துவிட்டது.

1926இல் வந்த தன் ஆங்கில வழக்கு அகராதியில் எச். டபிள்யூ. ஃபவுலர் இந்த இரண்டு தடைகளையுமே ஏற்கவில்லை. 'டிஃபரென்ட் டு' கூடாது என்பதை மூடநம்பிக்கை என்றே எழுதினார். நான் அவர் கட்சிதான். ஆனால் அவர் மனதில் இருந்த வாசகர் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர். வழக்குதான் சட்டம் என்றால், அந்த வழக்கு காதில் விழாமல் வளர்ந்த நாம் என்ன செய்வது? 'அவரைவிட சீனியர்' என்று தமிழில் யோசித்து 'சீனியர் தேன்' என்று எழுதிவிடுகிறோம். அங்கே 'டு' தான் வரணும்.

கையேடுகள் மீது என் குறை இதுதான்: எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டி, எல்லாமே ஒரே எடையுள்ள தப்பு என்கின்றன. உண்மையில் மூன்று வகை உண்டு. 'டயர்ட் ஃப்ரம்' என்றால் களைப்பு, 'டயர்ட் ஆஃப்' என்றால் சலிப்பு. இங்கே பொருளே மாறுது. 'சீனியர்' விஷயத்தில் பொருள் மாறாது, ஆனால் வழக்கு ஒன்றுதான். 'டிஃபரென்ட்' விஷயத்தில் வழக்கே பலவிதம்: பிரிட்டனில் 'டு' சகஜம், அமெரிக்காவில் 'தேன்' சகஜம், 'ஃப்ரம்' எங்கேயும் செல்லும்.

முதல் இரண்டு வகையிலும் கட்டாயம் திருத்தணும். மூன்றாவதில், எதை எழுதுவது என்று கேட்டால் 'ஃப்ரம்' போடுங்க என்பேன், சந்தேகத்துக்கு இடமில்லாதது அதுதான். ஆனால் 'டு' எழுதிய பிள்ளைக்கு மார்க் குறைப்பது அநியாயம். லண்டனில் தினமும் பேசப்படும் ஆங்கிலத்தையே தப்பு என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.