பெயர் பிளவுபடாத மரபு

ஷெல்லில் பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதுகிற எவரும் ஒருநாள் 'பழைய படங்கள்' போன்ற ஒரு கோப்புறையைச் சந்தித்தே தீருவார். அதை நகலெடுக்க வேண்டாம் என்று விலக்குப் பட்டியலில் சேர்ப்பார். மறுநாள் பார்த்தால் அது முழுவதும் நகலுக்குள் இருக்கும். இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்த ஒற்றை இடைவெளி செய்த வேலை அது. இந்தச் சிறு கோளாற்றைச் சுற்றித் தனித்தனிப் பாணிகளும் அவற்றுக்குரிய ஒழுங்குகளும் வளர்ந்திருக்கின்றன. கற்றவர் அடுத்தவருக்குச் சொல்லித் தந்தே இவை நிலைத்திருப்பதால், மரபு என்ற சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன்.

1979இல் பெல் ஆய்வகத்தின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஸ்டீபன் போர்னின் ஷெல்லும் கோப்புகளை ஒரே கட்டாகத் தொகுக்கும் 'டார்' நிரலும் சேர்ந்தே வெளிவந்தன. யூனிக்ஸ் கோப்புப் பெயரில் வரக்கூடாதவை இரண்டே பைட்டுகள்: சாய்கோடும் பூஜ்யமும். இடைவெளி வரலாம், வரிமுறிவுகூட வரலாம். போர்ன் ஷெல்லோ மேற்கோள் குறி இல்லாத மாறியை விரித்தவுடன், இடைவெளி, டேப், வரிமுறிவு கண்ட இடமெல்லாம் அதை வெட்டிவிடும். அன்று ஒரு பெயருக்கு 14 பைட்டுகள்தான் எல்லை என்பதால் இடைவெளிக்கு இடம் ஒதுக்குவோர் அரிது. விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்து, 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று தானே வழிகாட்டியதும் நிலைமை மாறியது. அலுவலகக் கணினிகளின் கோப்புகள் யூனிக்ஸ் சர்வர்களுக்கு வந்தபோது இடைவெளிகளும் கூடவே வந்தன.

மிகப் பழைய பாணி, எல்லா விலக்குகளையும் ஒரே மாறியில் ஒரே சரமாகக் கோத்து வைப்பது. இடைவெளி உள்ள பெயர் வந்தால், அதைச் சுற்றி ஒற்றை மேற்கோள் குறியிட்டு அப்படியே மாறிக்குள் வைப்பார்கள். பார்வைக்குச் சரியாகத் தெரியும், ஆனால் பலிக்காது. மாறியை விரிப்பதற்கு முன்பே ஷெல் மேற்கோள் குறிகளைப் படித்து முடித்துவிடுகிறது. விரிப்பில் வெளிவரும் குறிகள் அதற்கு வெறும் எழுத்துகள். எனவே டாருக்குப் போய்ச் சேர்வது இரண்டு துண்டுகள். மேற்கோள் குறி ஒட்டிய 'பழைய' எந்தக் கோப்போடும் பொருந்தாத விலக்காகிறது. 'படங்கள்' என்ற துண்டை, நகலெடுக்க வேண்டிய கோப்பின் பெயர் என்று டார் எடுத்துக்கொண்டு, அப்படி எதுவும் இல்லை என்று முறையிடும். மீதியை நகலெடுத்து முடித்து, 2 என்ற பிழை எண்ணோடு நிற்கும். குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலையில் அந்தச் செய்தியை யாரும் படிப்பதில்லை. நான் முன்பு பணியாற்றிய ஓர் அச்சகத்தில் இப்படித்தான் விலக்க வேண்டிய படங்கள் எல்லாம் இரவுதோறும் சேர்ந்து வட்டு நிரம்பியது. கணக்குக் கோப்புகளுக்கு இடமில்லாமல் போனது பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

சரப் பாணியினர் கடைசியில் தஞ்சம் புகுவது 'இவால்' கட்டளையில். அது மேற்கோள் குறிகளை மறுபடி படிக்க வைக்கும். கூடவே பெயருக்குள் ஓர் ஒற்றை மேற்கோள் வந்துவிட்டால், அதன் பின் வரும் டாலர் குறியையும் பின்மேற்கோளையும் கட்டளையாகவே ஓடவிடும். பிறர் பெயரிட்ட கோப்புகளைக் காக்கிற ஸ்கிரிப்டில் அதற்கு இடமே இல்லை என்பேன். இடைவெளி எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு 2001 நவம்பர் சாட்சி. ஐட்யூன்ஸ் 2 நிறுவியில் மேற்கோள் குறியின்றி இருந்த ஓர் அழிப்புக் கட்டளை, பெயரில் இடைவெளி கொண்ட வட்டுகளிலிருந்த கோப்புகளை அழித்தது. ஆப்பிள் அந்த நிறுவியைத் திரும்பப் பெற்று 2.0.1 பதிப்பை வெளியிட்டது.

சரப் பாணியின் கோளாற்றுக்கு அணிப் பாணி நேர் விடை. டேவிட் கார்னின் ஷெல்லில் அணிகள் வந்தன; 1996இல் பாஷ் 2.0 அவற்றை ஏற்றது. ஒரு விலக்குக்கு ஓர் உறுப்பு. இரட்டை மேற்கோளுக்குள் அட் குறியிட்டு விரித்தால் ஒவ்வொன்றும் முழுசாகப் போய்ச் சேரும். 1992இன் போசிக்ஸ் ஷெல் தரத்தில் அணி இல்லை. அதைப் பேணுவோர் 'செட்' கட்டளையால் விலக்குகளை ஸ்கிரிப்டின் சொந்த ஆர்கியுமென்ட்களாக்கி, "$@" என்று விரிக்கிறார்கள். இதன் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை. டாம் டஃப்பின் ஆர்சி, இசட்ஷெல், ஃபிஷ் ஆகியவை மாறியை வெட்டுவதே இல்லை. நல்ல வழிதான், ஆனால் பேக்கப் பெரும்பாலும் எளிய ஷெல்லில்தான் ஓடுகிறது.

பேக்கப்புக்கு நான் முதலிடம் தருவது பட்டியல் பாணிக்கு. விலக்குகளைத் தனிக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி, அதன் பெயரை மட்டும் டாருக்கோ, நகலெடுக்கும் இன்னொரு நிரலான ஆர்சிங்க்குக்கோ தருவது. பெயர்கள் ஷெல்லின் கையில் படுவதே இல்லை. மேற்கோள் குறியும் வேண்டாம், போட்டால் தவறு. ஷெல் அறியாத அலுவலக ஊழியர்கூட அதைப் படித்து, "இதை ஏன் சார் விட்டுட்டீங்க?" என்று கேட்க முடியும். அந்தக் கேள்வி பல நகல்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதற்கும் விதிகள் உண்டு. வரியின் கடைசியில் தங்கிய இடைவெளியையும் பெயரின் பகுதியாகவே ஆர்சிங்க் கொள்ளும். கண்ணுக்கும் அது தெரியாது. ஆர்சிங்க்கில் முதலில் வரும் சாய்கோடு பெயரை நகலெடுக்கும் மரத்தின் உச்சியில் கட்டும். அது இல்லையேல் எந்த ஆழத்திலும் பொருந்தும். வரிமுறிவு உள்ள பெயர்களுக்குப் பூஜ்ய பைட்டால் பிரிக்கும் முறை இருக்கிறது. 2024இன் போசிக்ஸ் அதை 'ஃபைண்ட்' கட்டளைக்குத் தரமாக்கியது.

தமிழில் பெயரிடுவோருக்கு ஒரு செய்தி. யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துகளின் பைட்டுகள் ஷெல்லின் சிறப்புக் குறிகளோடு மோதுவதில்லை. அந்த அச்சம் வேண்டாம். ஆனால் 'தொகுப்பு' என்பதிலுள்ள கொம்பும் காலும் யுனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டாகவும் வரலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் இரண்டாகப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்புறையை லினக்ஸில் தட்டச்சிட்ட வரி விலக்காது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

மேற்கோள் விடுபட்ட மாறிகளை, ஸ்கிரிப்டுகளைச் சரிபார்க்கும் ஷெல்செக் நிரல் 2086 என்ற எண்ணிட்டு எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை எஞ்சியிருக்கும் ஸ்கிரிப்டை நான் கிரானில் ஏற்றுவதில்லை. நான் பார்க்கும் ஒவ்வொரு கணினியிலும் ஒரு சோதனைக் கோப்புறை உண்டு. நடுவில் இடைவெளி உள்ள பெயர் ஒன்று, கடைசியில் இடைவெளி உள்ளது ஒன்று, மேற்கோள் குறியோடு ஒன்று, நட்சத்திரக் குறியோடு ஒன்று, 'தொகுப்பு' இரண்டு வடிவத்திலும். விலக்குப் பட்டியலில் ஒரு வரி மாறினாலும், முதலில் அந்தக் கோப்புறையை நகலெடுத்து, நகலைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.