பேரில் ஊர் இருந்த அதிகாரிகள்

சோழர்களுக்கு உண்மையிலேயே ஒரு மைய அரசு இருந்ததா? நம்மிடம் ரெண்டு பெரிய பதில்கள் இருக்கின்றன. ‘சோழர்கள்’ நூலில் நீலகண்ட சாஸ்திரி, ராஜராஜனின் அரசைப் பைசாந்தியப் பேரரசுக்கு ஒப்பாகப் பார்த்தார். 1980-இல் பர்ட்டன் ஸ்டெய்ன் அதைக் கவிழ்த்துப் போட்டார்: மன்னன் பெரும்பாலும் சடங்குத் தலைவன், நிஜ அதிகாரம் நாட்டார் கையில் என்றார். அவருடைய சட்டகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் அலூர் மக்களைப் பற்றிய எய்டன் சவுத்தாலின் ஆய்விலிருந்து வந்தது.

ரெண்டு பேருக்கும் சான்று ஒன்றுதான். லைடன் செப்பேட்டில் ஆனைமங்கலம் தானத்தைப் பாருங்கள். ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் வாயால் சொல்கிறான். திருமந்திர ஓலை எழுதுகிறவர் அதை எழுதுகிறார், ஓலை நாயகங்கள் ஒப்புகிறார்கள், புரவுவரித் திணைக்களத்தார் கணக்கில் ஏற்றுகிறார்கள். இதுவரை சாஸ்திரி சொல்வது சரி. ஆனால் நிலத்தில் பிடியானையை நடத்தி எல்லை காட்டுகிறவர்கள் நாட்டார். இங்கே ஸ்டெய்ன் சரி.

சிக்கல் அந்த அதிகாரிகளின் பெயரில் இருக்கிறது. பலர் இன்ன ஊர் ‘உடையான்’. கூடவே ‘மூவேந்தவேளான்’ என்று அரசன் கொடுத்த பட்டம். சாஸ்திரி பட்டத்தைப் பார்த்து அதிகாரி என்றார். ஸ்டெய்ன் ஊரைப் பார்த்து, இவர்கள் உள்ளூர்த் தலைவர்கள்தான் என்றார். ஏன், ஒருத்தரே ரெண்டுமா இருக்கக் கூடாதா?

பைசாந்தியத்தையும் ஆப்பிரிக்காவையும் விட இங்கே உதவுவது சீனம்னு எனக்குத் தோணுது. ஹான் அரசில் (கி.மு. 202 – கி.பி. 220) பேரமைச்சர், கண்காணிப்பு அமைச்சர், பெரும்படைத் தலைவர் என மேலே மூவர், அடுத்து ஒன்பது துறை அமைச்சர்கள், கீழே மாகாணம், வட்டம். கி.பி. 2-இல் அவர்கள் எடுத்த கணக்கில் 5.5 கோடிக்கும் மேற்பட்ட தலைகள். மாகாண ஆளுநரும் வட்ட அதிகாரியும் மையம் அனுப்பியவர்கள். சொந்த மாகாணத்தில் வேலை பார்க்கக் கூடாது என்பது வழக்கமாக ஊன்றியது. ஆனால் அவர்களுக்குக் கீழிருந்த எழுத்தர்கள் உள்ளூர்க்காரர்கள். அதனால் யாரும் ஹான் அரசை வெறும் சடங்கு அரசு என்று சொல்வதில்லை.

ஆக, உள்ளூர்க்காரர் என்பதாலேயே ஒருவர் அதிகாரி இல்லை என்று ஆகிவிடாது. கேட்க வேண்டியது, எந்தப் படி வரைக்கும் உள்ளூர்க்காரர் என்பதுதான். நெய்வேலி டவுன்ஷிப்பில் புதுசா ஒருத்தரைப் பார்த்தா முதல்ல “சொந்த ஊர் எது?” என்று கேட்பது வழக்கம், வந்து சேர்ந்தவர்களால் ஆன ஊர் இது. ஹான் ஆளுநரிடமும் அப்படிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சோழ அதிகாரியிடம் கேட்கவே வேண்டாம், பேரிலேயே ஊர் இருக்கிறது.

அதன் விலையைப் பக்கத்திலேயே பார்க்கலாம். கடலூரை ஒட்டிய திருவந்திபுரம் கோயில் கல்வெட்டு சொல்லும் கதை அது. சோழருக்குக் கீழிருந்த காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன், 1231 வாக்கில் மூன்றாம் ராஜராஜனையே சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். மன்னனை மீட்க வந்தது ஹொய்சளப் படை. இந்த நடுநாட்டு மண்ணில் காடவருக்குச் சொந்தப் பலம் இருந்தது. மையம் தளர்ந்தபோது அந்தப் பலம் தளரவில்லை.

இதை ஸ்டெய்னின் வெற்றியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹான் அரசையும் கடைசியில் பிய்த்துப்போட்டவர்களில் அது அனுப்பிய ஆளுநர்களே இருந்தார்கள். உள்ளூர்க் காலோடு நின்ற சோழ ஏற்பாடோ ராஜராஜனுக்குப் பின் 200 ஆண்டுகளுக்கும் மேல் ஓடியது.

நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் 1978-இல் சோழக் கல்வெட்டுப் பெயர்களை அடைவாகத் தொகுத்துக் கொடுத்தார்கள். ஒருவரின் பேரில் இருக்கும் ஊர் எது, அவர் வேலை பார்த்த இடம் எது என்று அருகருகே வைத்துப் பார்க்கலாம். ரெண்டுக்கும் எவ்வளவு தூரமோ, மையத்தின் கை அவ்வளவு நீளம். உவமை தேடி வெளியே போவதற்கு முன் இந்தத் தூரத்தை அளந்திருக்கலாம்.